எங்க நிக்கணும் மிஸ்

சகாயசெல்வி பி.டி. டீச்சராகச் சேர்ந்து பல வருடம் ஆன பிறகுதான் பிள்ளைகள் பந்து விளையாடுவதை முதல்முறையாகப் பார்த்தாள். அதுவரை அவள் பார்த்ததெல்லாம் பிள்ளைகள் வரிசையில் நிற்பதைத்தான்.

திண்டிவனத்தில் ரயில் பாதையை ஒட்டி, பங்குக் கோயிலுக்குச் சொந்தமான நடுநிலைப்பள்ளி அது. சாயங்காலம் மணி அடித்ததும் கால்பந்துப் பயிற்சி. ஒரு கூட்டம் பிள்ளைகளுக்கு இரண்டே பந்து. முதலில் மைதானத்தைச் சுற்றி ஓட்டம், அப்புறம் வரிசை. முன்னால் நிற்பவன் ஒரு உதை உதைத்துவிட்டு வாலுக்குப் போவான். மறுபடி அவன் முறை வருவதற்குள் காலால் மண்ணைக் கீறுவான், பக்கத்தில் நிற்பவனைக் கிள்ளுவான், அதற்கு அவளிடம் திட்டு வாங்குவான். அவளும் சின்ன வயதில் அப்படி நின்று வளர்ந்தவள்தான். வேறு மாதிரி இருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை.

2009 கோடை விடுமுறையில் சென்னையில் ஒரு பயிற்சி முகாமுக்கு அனுப்பினார்கள். நடத்தியவர் ஒரு மலையாளப் பெண்மணி. காலை முழுக்க ஆசிரியர்களை வெயிலில் வரிசைகட்டி நிறுத்தி ஒவ்வொருவராக உதைக்கச் சொன்னார். எல்லாருக்கும் எரிச்சல் வந்தது. மதியத்துக்கு மேல் நாலு நாலு பேராகப் பிரித்து, சின்னக் கட்டம் போட்டு, இரண்டு பக்கமும் செங்கல் வைத்து, "ஆடுங்கோ" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய் மர நிழலில் உட்கார்ந்துகொண்டார். விசில் இல்லை, அதட்டல் இல்லை. பந்து எந்நேரமும் யார் காலிலாவது இருந்தது. தொந்தி வைத்த ஒரு சார் கோல் போட்டுவிட்டுச் சட்டையைச் சுழற்றிக்கொண்டு ஓடினார். செல்வி சிரித்துச் சிரித்து விலா வலித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். கடைசியாக எப்போது இப்படி விளையாடினோம் என்று யோசித்துப் பார்த்தாள். ஞாபகம் வரவில்லை.

ஜூனில் பள்ளி திறந்ததும் வரிசையைத் தூக்கிப் போட்டாள். மைதானத்தைக் கயிறு கட்டி நாலு கட்டமாகப் பிரித்தாள். ஆணும் பெண்ணும் கலந்து நாலு பேருக்கு நாலு பேர். கோலைக் காக்கிற கோலி கிடையாது. பெரிய பந்துக்குப் பதில் சிறுபிள்ளைகளுக்கான மூணாம் நம்பர் பந்து. பிள்ளைகளுக்கு அவள் சொன்னது ஒன்றுதான்.

"சண்டை வந்தா நீங்களே பேசி முடிச்சிக்கணும். என்கிட்ட வரக் கூடாது."

முதல் வாரம் ஒரே கூச்சல். ஒருத்தி அழுதாள், ஒருவன் பந்தைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கே போய்விட்டான். மறு வாரம் சட்டங்கள் தானாக முளைத்தன. கயிற்றைத் தாண்டினால் எதிர்க்கட்சிக்குப் பந்து. தள்ளிவிட்டவன் கைகொடுத்துத் தூக்கிவிட வேண்டும். இதெல்லாம் அவள் சொல்லிக்கொடுத்ததல்ல.

ஒரு சட்டத்தைக் கொண்டுவந்தவன் தென்னரசு. நாலாம் வகுப்பு, வயதுக்குக் குள்ளம். வகுப்பில் பெயரைக் கூப்பிட்டால் எழுந்து நிற்பான், பதில் மட்டும் வராது. தன் கட்சி அதிகமாக கோல் போட்டுவிட்டால் அவன் யாரிடமும் கேட்காமல் கட்டத்தைக் கடந்து தோற்கிற பக்கம் போய் நின்றுகொள்வான். அங்கிருந்து யாராவது ஒருவன் இந்தப் பக்கம் வந்துவிடுவான். கொஞ்ச நாளில் எல்லாக் கட்டத்திலும் அதுவே வழக்கமாகிவிட்டது. அவனுக்கு இடது கால். பந்தை ஓரமாக உருட்டிக்கொண்டு போய், சட்டென்று நின்று, வருகிறவன் தாண்டி ஓடியதும் மெல்லத் திரும்பிப் போவான். அப்போது வாய்க்குள் என்னவோ பாடிக்கொள்வான். என்ன பாட்டு என்று செல்வி ஒருநாள் கேட்டாள். வெட்கப்பட்டு ஓடிவிட்டான்.

அவன் அப்பா பெயர் விருத்தாசலம், மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மண்டியில் மூட்டை தூக்குகிறவர். வேலை முடிந்து தலையில் கட்டிய துண்டோடு வந்து காம்பவுண்டுச் சுவர்மேல் உட்கார்ந்துவிடுவார். பிள்ளைகள் விழுந்து புரளும்போது அவர் போடுகிற சிரிப்பு ரோடு வரைக்கும் கேட்கும். கோலுக்கு வைத்திருந்த செங்கல் தடுக்கி ஒருத்திக்குக் கால் நகம் பெயர்ந்த மறுநாள், சவுக்குக் கழியில் சின்னச் சின்ன கோல் போஸ்டுகள் செய்து, பின்னால் வலைக்குப் பதில் பழைய சாக்கைத் தைத்துத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

"டீச்சரம்மா, எம்புள்ள வூட்ல பேசறான் இப்போ," என்றார். "நைட்டு சோறு துன்னும்போது ஒரே பந்துக் கததான். ஊமையோன்னு நாங்க பயந்துக்கினு இருந்தோம்."

அன்றைக்குச் செல்வி வீட்டுக்குப் போய்த் தன் புருஷன் இருதயராஜிடம் இதை இரண்டு தரம் சொன்னாள். மெடிக்கல் ஷாப்பில் வேலை செய்கிற மனுஷன், பேச்சு குறைவு. "நல்லா பண்ற, செல்வி. இத்தோட நிறுத்திக்க, பெருசா எதுவும் இழுத்துக்காத," என்றார்.

அவள் இழுத்துக்கொண்டாள்.

விழுப்புரத்தில் சிறுவர் போட்டிகளை நடத்திவந்த குழுவுக்கு அப்பாதுரை சார்தான் எல்லாம். செல்விக்கே அந்தக் காலத்தில் பயிற்சி கொடுத்தவர். கையில் பிரம்பு இருக்கும், ஆனால் கெட்ட மனுஷர் இல்லை. அவரிடம் ஆடிய பையன்கள் போலீஸில் இருக்கிறார்கள், ரயில்வேயில் இருக்கிறார்கள். தாய் தகப்பன்கள் அவரைக் கண்டால் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்பார்கள். அவரிடம் போய் அவள் பத்து வயதுப் பிள்ளைகளுக்குப் பெரிய மைதானம் வேண்டாம், பெரிய கோல் வேண்டாம், கோப்பையும் வேண்டாம், எல்லாரும் எல்லாரோடும் ஆடட்டும் என்று கேட்டாள்.

"கப்பு இல்லாம இன்னாத்துக்கும்மா ஓடணும்?"

"பந்துக்காக ஓடட்டும் சார்."

அவர் சிரித்தார். விடாமல் நாலைந்து முறை விழுப்புரத்துக்கு அலைந்தாள். கடைசியில், "சரி, ஒரு வருஷம் பாப்போம். நீ சொல்றதுக்காக," என்று ஒத்துக்கொண்டார்.

2010 மே மாதம் அந்த விழா நடந்தது. விழுப்புரத்தில் பெரிய மைதானத்தைச் சுண்ணாம்புக் கோடு போட்டுக் கட்டம் கட்டமாகப் பிரித்திருந்தார்கள். பல ஊர்ப் பிள்ளைகள் வந்திருந்தார்கள். காலை வெயில் ஏறுவதற்குள் எல்லாக் கட்டத்திலும் ஆட்டம் சூடு பிடித்துவிட்டது. யார் ஜெயித்தார்கள் என்று எழுதிவைக்கவில்லை. வல்லம் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்த பையன்கள் தோற்றுக்கொண்டிருந்தபோது தென்னரசு வழக்கம்போலக் கோட்டைத் தாண்டி அவர்கள் பக்கம் போய் நின்றான். அவர்கள் முதலில் முழித்தார்கள், அப்புறம் அவனுக்கே பந்தைப் போட்டார்கள். சுற்றி நின்ற பெற்றோர்கள் கைதட்டினார்கள். அப்பாதுரை சார்கூடத் தலையை ஆட்டிக்கொண்டு பார்த்தார். செல்வி தன் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக இருந்த காலைவேளை வேறு கிடையாது.

பதினொரு மணி வாக்கில் சிறப்பு விருந்தினர் வந்தார். ஊரில் செல்வாக்கான ஒரு ரைஸ்மில் முதலாளி. காரின் பின்கதவைத் திறந்து இரண்டு பேர் கோப்பையைத் தூக்கிவந்தார்கள். பிள்ளைகளின் மார்பு உயரத்துக்கு இருந்தது அது. மேடையில் வைத்ததும் வெயில் பட்டு மைதானம் முழுக்க மின்னியது. ஆடிக்கொண்டிருந்த பிள்ளைகள் ஒவ்வொரு கட்டமாக நின்றுபோய் அதையே பார்த்தார்கள்.

அப்பாதுரை சார் வேகமாக வந்தார். "செல்வி, தலைவரு கப்பு கொண்டாந்துட்டாரு. ஒரே ஒரு ஃபைனல் பாக்கணுமாம். உங்க ஊரும் எங்க பசங்களும். பெரிய கிரவுண்டுல, லெவன்ஸ், பதினோரு பதினோரு பேரு. ஜல்தி ரெடி பண்ணு."

"சார், இன்னைக்கி ஃபைனலே கெடையாதுன்னு பேசினோம். எங்க பசங்க லெவன்ஸ் ஆடினதே இல்ல."

"அவர வெறுங்கையோட அனுப்ப முடியுமா? அடுத்த வருஷம் பந்தலு, சாப்பாடு எல்லாம் யார் போடறது? பேஜாரு பண்ணாதம்மா."

அவள் முடியாது என்றாள். சொல்லிவிட்டுத் திரும்பினால் அவள் பிள்ளைகள் அத்தனை பேரும் அவளைச் சுற்றி நின்றார்கள். "மிஸ், கப்பு மிஸ்! ஆடறோம் மிஸ்!" கூட வந்த பெற்றோர்களும் கெஞ்சினார்கள். விருத்தாசலம் துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, "உடுங்க டீச்சரம்மா. நம்ம பசங்க பூந்து ஆடுவானுங்க. அந்தக் கப்பத் தூக்கிக்கினு திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுல எறங்கணும்," என்றார்.

பிள்ளைகள் ஆசைப்படுவதைத் தடுப்பதும் அதட்டல்தானே என்று ஒரு நிமிடம் தோன்றியது. சரி என்றாள்.

கட்டங்களை அழித்தார்கள். பெரிய கோல் போஸ்டில் வலை கட்டினார்கள். பெரியவர்கள் ஆடும் அஞ்சாம் நம்பர் பந்து வந்தது. அப்போதுதான் கோலிக்கு ஆள் வேண்டும் என்பது அவளுக்கு உறைத்தது. ஆளாளுக்கு மாட்டேன் என்றார்கள். எல்லாருக்கும் பந்தை விரட்டத்தான் பழக்கம். நடுவர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு நின்றார். அவள் தென்னரசுவைப் பார்த்தாள். அவன்தான் எதற்கும் மறுப்புச் சொல்லாதவன்.

"அரசு, கொஞ்ச நேரம் நீ நில்றியாப்பா? அப்பறம் மாத்திக்கலாம்."

அவன் தலையாட்டினான். யாரோ கொடுத்த பெரியவர்கள் கையுறையை மாட்டிக்கொண்டு போய் நின்றான். குறுக்குக்கம்பி அவன் தலைக்கு மேல் எங்கேயோ இருந்தது.

அப்பாதுரை சாரின் பையன்கள் தேர்ந்தவர்கள். ஒருவன் பின்னாலிருந்து ஓங்கி உதைப்பான், நெட்டையன் ஒருவன் ஓடிப்போய் தொலைவிலிருந்தே அடிப்பான். பந்து தென்னரசுவின் தலைக்கு மேல் போய் வலையில் விழும். திண்டிவனத்துப் பிள்ளைகள் அந்தப் பெரிய மைதானத்தில் ஒரே கொத்தாக ஓடிக் களைத்தார்கள். முதல் கோலுக்குத் தென்னரசு சிரித்தான். எகிறிக் குதித்துப் பார்த்தான். அடுத்ததற்கும் குதித்தான். அதற்கடுத்ததில் கீழே விழுந்து முழங்கை தேய்ந்தது. நாலாவதோ ஐந்தாவதோ விழுந்ததும் நடுக்கோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் பார்த்தான். அந்தப் பக்கம் இருந்த கோலியும் அவனும் இடம் மாறிக்கொள்ளலாம் என்று நினைத்தானோ என்னவோ, இரண்டு எட்டு முன்னால் வந்தான். "கோல விட்டு வெளிய வராதடா!" என்று நாலாப்பக்கமும் கத்தினார்கள். பழையபடி பின்னால் போய் நின்றுகொண்டான்.

மைக்கில் வர்ணனை செய்தவனுக்கு உற்சாகம் தாங்கவில்லை. "இதோ நம்ம குட்டி கோலி, கேட்டைத் தொறந்து வச்சிட்டாரு, வாங்க வாங்கன்னு கூப்புடறாரு!" கூட்டம் சிரித்தது. மேடையில் இருந்தவர்களும் சிரித்தார்கள். செல்வி நடுவரிடம் ஓடி ஆளை மாற்றவேண்டும் என்றாள். பந்து வெளியே போகட்டும் என்றார் அவர். பந்து வெளியே போகவில்லை, மறுபடியும் வலைக்குள் போயிற்று.

விருத்தாசலத்தின் பக்கத்தில் நின்ற யாரோ, "யார் பெத்த புள்ளடா அது, செத்த பாம்பு மாரி நிக்கறான்," என்று சொல்லிச் சிரித்திருக்கிறான். செல்வி பார்த்தபோது விருத்தாசலம் கோட்டைத் தாண்டி உள்ளே போய்க்கொண்டிருந்தார். இடுப்பில் கட்டியிருந்த துண்டு அவிழ்ந்து விழுந்ததுகூடத் தெரியாமல் போனார். அவள் "அண்ணே! வாணாண்ணே!" என்று கத்திக்கொண்டு ஓடினாள். அவள் போய்ச் சேருவதற்குள் அவர் கை ஓங்கிவிட்டது. மூட்டை தூக்குகிற கை. அறைந்த சத்தம் மைக் வரைக்கும் கேட்டது. மைக்கும் அடங்கியது.

தென்னரசு அழவில்லை. கையுறைகளைக் கழற்றினான். இரவல் பொருள் என்பதால் மண் படாமல் இரண்டையும் போஸ்டின் ஓரமாகப் புல்லில் வைத்தான். பிறகு நடந்து வெளியே போனான்.

ஆட்டம் மறுபடி தொடங்கியது. கோப்பை கொடுக்க வேண்டுமே.

மறு மாதம் பள்ளி திறந்தபோது தென்னரசு வகுப்புக்கு வந்தான், சாயங்காலம் மைதானத்துக்கு வரவில்லை. ஒரு வாரம் பார்த்துவிட்டு அவள் வீட்டுக்கே போனாள். விருத்தாசலம் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் பெண்சாதி பொன்னிதான் பேசினாள்.

"புதுப் பந்து ஒண்ணு வாங்கியாந்து குடுத்தாரும்மா. அத்தத் தொடமாட்டேங்கறான். எத்தக் கேட்டாலும் சரிப்பாங்கறான். மறுபடியும் பேச்சே இல்ல."

"இந்தக் கைய வெட்டிப் போட்டுக்கலாம்னு இருக்குது டீச்சரம்மா," என்றார் விருத்தாசலம் சுவரைப் பார்த்தபடி. "எவனோ சிரிச்சான்னு எம்புள்ளய அடிச்சேன். அந்த நாயி யாருன்னுகூட எனக்குத் தெரியாது."

அவனைக் கோலில் நிறுத்தியது நான்தானே என்றாள் செல்வி. அவர் அதைக் காதில் வாங்கவில்லை.

மறுநாள் அவரே பையனைக் கையைப் பிடித்து அழைத்துவந்து விட்டுவிட்டுப் போனார். இந்தமுறை சுவர்மேல் உட்காரவில்லை. தென்னரசு கயிற்றோரம் வந்து நின்று, அவளைப் பார்த்துக் கேட்டான்:

"எங்க நிக்கணும் மிஸ்?"

"உனக்கு எங்க புடிக்குதோ அங்க நில்லுடா. நீ எப்பவும் ஆடற மாரி ஆடு."

அவன் இருந்த இடத்திலேயே நின்றான். பந்து உருண்டு அவன் காலடிக்கு வந்தது. குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்து அவளைப் பார்த்தான். உதைக்கட்டுமா என்று கேட்கிற பார்வை. ஒருத்தி ஓடிவந்து பந்தைக் கொண்டுபோனாள். அவன் கட்சி தோற்றாலும் ஜெயித்தாலும் அவனுக்கு ஒன்றாகவே இருந்தது. செல்வி பக்கத்தில் போய்க் கூடவே ஓடிப் பார்த்தாள், வேண்டுமென்றே பந்தை விட்டுக்கொடுத்துப் பார்த்தாள். அவள் சொன்னதை எல்லாம் அவன் செய்தான். ஓடு என்றால் ஓடினான். உதை என்றால் உதைத்தான். வரிசையில் நிற்கச் சொன்னால் நாள் முழுக்க நின்றிருப்பான். அவள் ஒழித்துக்கட்ட நினைத்ததெல்லாம் அந்த ஒரு பிள்ளைக்குள் போய் உட்கார்ந்துகொண்டதுபோல் இருந்தது.

மாத முடிவில் அவன் மைதானத்துக்கு வருவதை நிறுத்திவிட்டான். அவள் கூப்பிடப் போகவில்லை. கூப்பிட்டால் சரி மிஸ் என்று வந்திருப்பான்.

அதன்பிறகு ஒவ்வொன்றாகச் சரிந்தது. விழுப்புரத்துத் தோல்வி திண்டிவனம் முழுக்கப் பரவியிருந்தது. "மிஸ் பசங்கள சும்மா ஓடவுட்டு வேடிக்க பாக்கறாங்க, கோலிக்குக்கூட ட்ரெயினிங் இல்ல," என்றார்கள். சர்ட்டிபிகேட் வரும் என்று நம்பியவர்கள் பிள்ளைகளை அப்பாதுரை சார் திண்டிவனத்தில் தொடங்கிய பயிற்சிக்கு மாற்றினார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல அவளால் முடியவில்லை. மூட்டை தூக்குகிறவன் தன் பிள்ளைக்குப் போலீஸ் வேலை கிடைக்காதா என்று பார்ப்பதில் என்ன தப்பு? பள்ளி நிர்வாகியான ஃபாதர் ஒருநாள் கூப்பிட்டு அன்பாகத்தான் பேசினார். அப்பாதுரை சாரையே வாரத்தில் சில நாள் இங்கே வரச் சொல்லியிருப்பதாகவும், செல்வி ஆண்டுவிழா டிரில்லைப் பார்த்துக்கொண்டால் போதும் என்றும் சொன்னார்.

"பசங்க சந்தோஷமா இருந்தாங்க ஃபாதர்."

"இருந்தாங்கம்மா. நான் பாத்தேன்," என்றார் அவர்.

சாக்கு வைத்த கோல் போஸ்டுகளைப் பிரித்துச் சத்துணவுக் கூடத்து அடுப்புக்குப் போட்டார்கள். நல்ல சவுக்கு, நன்றாக எரிந்தது என்று ஆயா சொன்னாள்.

2014இல் அப்பாதுரை சாரிடமிருந்து போன் வந்தது. குரலில் உண்மையான சந்தோஷம் இருந்தது. "செல்வி, நீ அன்னைக்கே சொன்ன பாரு, அதையேதான் இப்போ மேலேருந்து சொல்றாங்க. சின்னப் பசங்களுக்குச் சின்ன கிரவுண்டு, அஞ்சு அஞ்சு பேரு. நானும் ட்ரெயினிங் போய்ட்டு வந்தேன். ஞாயித்துக்கெழம ஓப்பனிங். நீ வந்து ரெண்டு வார்த்த பேசணும். நீதான் பேசணும்."

போகாமல் இருக்க அவளுக்கு மனம் வரவில்லை. விழுப்புரம் போய் இறங்கி மைதானத்துக்குள் நுழைந்தபோது, வாசலிலேயே குழந்தைகள் மகிழ்ச்சியாக விளையாட வேண்டும் என்று பெரிய பேனர். உள்ளே கோடுகள் நேராக இருந்தன. கோல்கள் சின்னதாக, அழகான வெள்ளை வலையோடு இருந்தன. பந்துகள் சரியான அளவு. ஆடுகிறவர்கள் ஆறு ஏழு வயதுப் பிள்ளைகள். ஒவ்வொரு சின்னக் கட்டத்தைச் சுற்றியும் தகப்பன்களும் தாய்களும் கோச்சுகளும் மூன்று வரிசையாக நின்று கத்திக்கொண்டிருந்தார்கள். "ரைட்ல போ! டேய், ரைட்டுடா! அடி! ஏன்டா நிக்கற!" நாக்-அவுட் போட்டி. தோற்ற அணிகள் காலை பத்து மணிக்கே வேனில் ஏறிக்கொண்டிருந்தன. மைதானம் சின்னதாகிவிட்டதால் இப்போது ஒவ்வொரு குரலும் பிள்ளைகளின் காதுக்கு நேராகப் போயிற்று. ஒரு கோச் குனிந்து ஒரு பொடியனின் காதைப் பிடித்தபடி விளக்கிக்கொண்டிருந்தான். அந்தப் பொடியன் கால்சட்டையை நனைத்திருந்தான்.

மேடையில் அப்பாதுரை சார் அவளைப் பற்றி நல்லவிதமாகச் சொன்னார். இந்த மாவட்டத்தில் இதை முதலில் கொண்டுவந்தது செல்விதான், அன்றைக்கு நமக்குப் புரியவில்லை என்றார். அவள் மைக்கை வாங்கினாள். தயார் செய்து வந்ததெல்லாம் மறந்துபோயிற்று.

"எல்லாரையும் ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன்," என்றாள். "அடுத்த ஆட்டத்துக்கு மட்டும் பெரியவங்க எல்லாரும் கம்பிக்கு அந்தாண்ட போய் உக்காருங்க. கோச்சுங்களும். யாரும் எதுவும் சொல்லாதீங்க. பசங்க என்ன பண்றாங்கன்னு ஒரு தபா சும்மா பாருங்க. கெலிச்சாலும் தோத்தாலும் பாருங்க, அவ்ளோதான்."

கூட்டம் பலமாகக் கைதட்டியது. சிலர் விசிலடித்தார்கள். அப்பாதுரை சார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஒருவர்கூட இருந்த இடத்தைவிட்டு நகரவில்லை. நடுவர் விசில் ஊதினார். அடுத்த ஆட்டம் தொடங்கியது. "ரைட்ல போடா!" என்றது கூட்டம்.

அவள் சாப்பாட்டுக்கு இருக்காமல் கிளம்பிவிட்டாள். பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. விக்கிரவாண்டி தாண்டும்போது இருதயராஜ் போன் செய்தார்.

"முடிஞ்சிதா? எப்படி இருந்துச்சி?"

"முடிஞ்சிது."

"பேசினியா?"

"பேசினேங்க. எல்லாரும் கைதட்டினாங்க," என்றாள் செல்வி. மேற்கொண்டு அவர் ஏதோ கேட்கும்போதே போனைக் காதிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். சிக்னல் இல்லை போலிருக்கிறது என்று நினைத்து அவர் போனை வைத்துவிட்டார்.